கோடி போகாத ஏரியும் சம்மந்தியின் ஜமுக்காளமும்

அன்றைக்கு மேனேஜர் தம்பி புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களையெல்லாம் படகுத்துறைக் கூரைக்குக் கீழே உட்கார வைத்து, என்னை முன்னால் நிறுத்தி, "அம்மா அவங்க அனுபவத்தப் பத்திப் பேசுவாங்க" என்றார். நான் எழுந்து நின்றேன். டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். படிப்பும் அஞ்சாவதோடு நின்றுபோனது. ஆனாலும் எழுத்துக் கூட்டி எழுதுவேன். அதனால் சொல்ல வந்ததை எழுதிக் கொடுக்கிறேன். பிழையெல்லாம் என் மகள் திருத்தியிருக்கிறாள். அவளுடைய மாமியாரைப் பற்றி எழுதின இடத்தை மட்டும் மறுபடியும் மறுபடியும் படித்தாள். சிரித்தாளே தவிர எதையும் அடிக்கவில்லை.

படகு மிதிப்பது, டிக்கெட் கிழிப்பது, மிதவைச் சட்டை மாட்டிவிடுவது எல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் பார்த்தது தண்ணீர் மட்டம். ஏரி ஏறினால் டிரம் கட்டிய மிதவைப் பாலத்தைக் கரைப் பக்கம் இழுக்க வேண்டும். இறங்கினால் உள்ளே தள்ள வேண்டும். கயிற்றை விட வேண்டும், பிடிக்க வேண்டும். மதகுச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த ஏரியைப் படகு விடுவதற்காக யாரும் வெட்டவில்லை. வயலுக்காக வெட்டினார்கள். அன்னப் படகும் நாமும் பின்னால் வந்த விருந்தாளிகள். வந்த வீட்டில் விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொள்ள வேண்டும்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஒரு பெரியவர். மாடு வளர்த்துப் பழகின கை. அவர் முடிச்சுப் போட்டால் யாராலும் அவிழ்க்க முடியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நான் அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அன்னப் படகையெல்லாம் இழுத்துப் பிடித்துக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார். மேலே எங்கோ நல்ல மழை. விடிவதற்குள் ஏரி ஏறிவிட்டது. படகு ஏறப் பார்க்கிறது, கயிறு விடமாட்டேன் என்கிறது. வரிசையாக எல்லா அன்னமும் மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக் குனிந்து நின்றன.

அஸ்தம்பட்டியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இங்க பாருங்க, அன்னமெல்லாம் தண்ணி குடிக்குது!" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டது.

பெரியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வெயிலுங்கம்மா. அதுகளுக்கும் தாகமெடுக்குமில்லைங்க" என்றார்.

அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகு, அரிவாளை எடுத்து வந்து தன் முடிச்சைத் தானே அறுத்தார். அறுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "மாட்டக் கட்டற மாதிரி கட்டிப்போட்டேன் பாத்துக்க. மாடு ஓடும். ஏரி ஏறும். ரெண்டுக்கும் ஒரே முடிச்சு ஆவாது."

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை இத்தனை வருஷம் காப்பாற்றியது. "மட்டம் மாறுச்சுன்னா மூணே காரணந்தான் சாமி. மழை, வெயிலு, மனுசன். மொத ரெண்டும் இல்லீன்னா மூணாவதத் தேடு. தேடறப்ப சத்தம் போடாத."

சத்தம் போடாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் அதே வேலையில் ஒருநாள் சத்தம் போட வேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு இழுத்தேன்.

அந்த வருஷம்தான் என் மகளைக் கட்டிக் கொடுத்தோம். வெளியூர் இல்லை. ஏரிக்கரையை விட்டு இறங்கினால் சம்மந்தி வீடு. மகளின் மாமியாரைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர் அந்தக் கரையில் நின்று ஆட்டைக் கூப்பிட்டால் இந்தக் கரையில் மிதித்துக்கொண்டிருக்கிறவர்கள் படகைத் திருப்பிவிடுவார்கள். மனசு தங்கம். ஆனால் அந்தத் தங்கத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. அவரிடம் நான் பேசிய பேச்செல்லாம் "ஆமாங்க", "சரிங்க" இரண்டில் அடங்கிவிடும்.

பல வருஷமாக நிறையாத ஏரி அந்த வருஷம் நிறைந்துகொண்டு வந்தது. நம் ஊரில் ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் கரைக் கடைசியில் தாழ்வாகக் கட்டின கோடிக்கல் மேல் வழிந்து போவதைக் கோடி போகிறது என்போம். கோடி போனால் மஞ்சள் குங்குமம் வைத்துக் கிடா வெட்டிப் பூசை போட வேண்டும். தண்ணீர் தானாக வழிய வேண்டும், அதுதான் கணக்கு. சம்மந்தி எப்போதோ வேண்டிக்கொண்டிருந்தார், ஏரி கோடி போனால் தன் செலவில் கிடா என்று. தண்ணீர் கோடிக்கல்லை நெருங்கியதும் கிடா வாங்கியாயிற்று. சங்ககிரி, ஆட்டையாம்பட்டி என்று இருக்கிற சொந்தத்துக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிப் போன் போட்டாயிற்று.

"ஏனுங்க சம்மந்தி, ஞாயித்துக்கெழமக்குள்ள கோடி போயிருமில்லைங்க?"

"ஆமாங்க."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டேன், எங்க சம்மந்தியே சொல்லீட்டாங்கன்னு."

நான் எங்கே சொன்னேன்? சரி, வாயைத் திறந்து ஆமாங்க என்றது நான்தானே.

கிடாவைக் கொண்டுவந்து நம் படகுத்துறை வேப்பமரத்தில் கட்டினார். "ஏரியப் பாத்துப் பழகட்டுமுங்க" என்றார். அது ஏரியைப் பார்த்ததோ இல்லையோ, டிக்கெட் கட்டைப் பார்த்துவிட்டது. கவுண்டரில் இருந்த பச்சை டிக்கெட் முழுவதையும் தின்றது. அடுத்த நாள் மஞ்சள் டிக்கெட்டை வைத்தார்கள். அதையும் தின்றது. போகிற வருகிற பிள்ளைகள் அதன்மேல் தண்ணீரை வாரி இறைக்கும். மிதிபடகு திரும்பும்போதெல்லாம் ஒரு குளியல். ஒன்றுக்கும் அசையாமல் நின்று அசை போடும்.

நம் படிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதே, அது பெரியவர் அடித்தது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் அந்தப் பக்கம் கோடி போக வேண்டும். தொட்டது. கோடி போகிற சத்தம் வரவில்லை. மழை விட்டுவிட்டது, மேல் ஏரிகளிலிருந்து வாய்க்காலில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வருகிற தண்ணீர் வழிந்து போக வேண்டாமா? போகவில்லை. கோட்டைத் தாண்டி மேல் படிக்கு வந்தது. மிதவைப் பாலத்தின் கரைப்பக்க முனை தண்ணீருக்குள் போய்விட்டது. படகுக்கு வந்தவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். "படகுல ஏறுறதுக்கே ஒரு படகு வேணுமாட்ட இருக்குது" என்று ஒரு அம்மா திட்டிக்கொண்டே போனது.

மேனேஜர் தம்பி என்னிடம் வந்து, "ஏம்மா, அந்தக் கோட்ட அவரு தப்பா அடிச்சிட்டாரோ?" என்றார்.

அன்னங்களைக் குனிய வைத்த மனிதராயிற்றே, இருக்கலாம் என்று எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. பிறகு அவர் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். மழை இல்லை. வெயில் அடித்தால் இறங்கத்தான் வேண்டும், ஏறக்கூடாது. அப்படியானால் மூன்றாவது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரை மேலேயே நடந்து கோடிக்கல்லுக்குப் போனேன். போகும் வழியில் மதகைத் தாண்டியதும் கரைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். அடியில் ஊறிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். ஏரி நிறைந்தால் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். தெளிந்து வந்தால் பயமில்லை. அதற்கு நேர் கீழே சம்மந்தி வீடு. பந்தல் போட்டாயிற்று. அடுப்பு மூட்டியாயிற்று. ஆட்டையாம்பட்டிச் சொந்தம் முறுக்கு டின்னோடு வேனை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. என் மகள் தண்ணீர்க் குடத்தோடு குறுக்கே ஓடினாள்.

கோடிக்கல் சீமைக்கருவேலம் புதருக்குள் இருக்கிறது. முள்ளை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நின்றுவிட்டேன்.

கல் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வரிசை வரிசையாக அடுக்கின மண் மூட்டை. உரச் சாக்கு, அரிசிச் சாக்கு, மாட்டுத் தீவனச் சாக்கு என்று எல்லாம் கலந்து இருந்தது. கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக நின்றால் அடுத்த போகத்துக்கு ஆகும் என்று ஆளுக்கொரு மூட்டை கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நம் ஒரு மூட்டையால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், "ஏனுங்க, இன்னும் கோடி போகலையா?" என்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு விருந்தாளியைக் காணோமே என்று புலம்புவது மாதிரி.

நடுவில் ஒரு மூட்டை மட்டும் அழகாக இருந்தது. சிவப்பும் நீலமும் பட்டை போட்ட ஜமுக்காளம். மடித்து, சுற்றிலும் தைத்து, உள்ளே மண்ணை அடைத்திருந்தது. நானும் வீட்டுக்காரரும் பவானிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து வந்தது. மகளின் சீர்வரிசையில் வைத்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியே திரும்பி நடந்தேன். மதகைக் கடக்கும்போது மறுபடி எட்டிப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. ஊறுகிற தண்ணீர் கலங்க ஆரம்பித்திருந்தது. கலங்கினால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். நேர் கீழே பந்தல். பந்தலுக்குள் என் மகள்.

ஓடிப்போய் மேனேஜர் தம்பியிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதலில் விசில் ஊதிப் படகையெல்லாம் கரைக்கு வரவைத்தார். பிறகு நீர்ப்பாசன ஆட்களுக்குப் போன் போட்டார். அவர்கள் வேறொரு ஏரியில் இருந்தார்கள், வந்து சேரப் பொழுதாகும் என்றார்கள்.

"மதகத் தொறந்து வுட்டுரலாமாம்மா?"

"வேண்டாந்தம்பி. ஊத்து மதகுக்குப் பக்கத்துலயே இருக்குது. தொறந்தா அங்கயே இன்னும் கொடஞ்சுக்கிட்டுப் போயிரும். மூட்டைய எடுத்தாப் போதும்."

"அப்ப நான் போயி யாரு வெச்சதுன்னு கேட்டு எடுக்கச் சொல்றேன்."

"அய்யோ, கேக்காதீங்க தம்பி!"

ஏன் என்று அவர் பார்த்தார். யாரு வெச்சது என்று கேட்டுவிட்டால் அந்த ஊரில் ஒருத்தரும் வெச்சிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு மூட்டையைத் தொடுகிறவன்தான் வைத்தவன் என்று ஆகிவிடும். ஒரு கை நீளாது. இவர்கள் பேசி முடிப்பதற்குள் கரை முடிவு செய்துவிடும். இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லவில்லை. "நான் சம்மந்திகிட்டப் பேசறேன்" என்று மட்டும் சொன்னேன். என் வாயா அதைச் சொன்னது என்று எனக்கே ஆச்சரியம்.

சம்மந்தி பந்தலில் பெரிய கரண்டியோடு நின்றார். வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. சம்மந்திகாரர் ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி..."

"சத்தமாச் சொல்லுங்க. கெடா காதுல வுழுந்தாலும் பரவால்லீங்க."

"கோடிக்கல்லு மேல உங்க ஜமுக்காளம் கெடக்குதுங்க."

கரண்டி நின்றது. "எந்த ஜமுக்காளமுங்க?"

"செவப்பும் நீலமுங்க. சீருக்கு வெச்சது."

"ஓ, அதுங்களா? காயப் போட்டிருந்தனுங்க. காத்துக்குப் பறந்து போயிருக்கும்."

"ஆமாங்க. உள்ள மண்ணு இருக்குதுங்க."

"காத்தடிச்சா மண்ணுந்தானுங்க பறக்கும்."

"ஆமாங்க. வாயி தெச்சிருக்குதுங்க."

சம்மந்தி திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கையில் இருந்த பூண்டை வைரக்கல்லைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரை ஊறுதுங்க சம்மந்தி" என்றேன். "கலங்கலா ஊறுதுங்க. உங்க ஊட்டுக்கு நேரா."

அவரிடம் நான் அதுவரை அவ்வளவு பேசியதே இல்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது. "என்னுங்க பண்றது?"

"பூசைக்கு முன்னால எடத்தக் கூட்டிச் சுத்தம் பண்ணணுமில்லைங்க..."

அவ்வளவுதான் சொன்னேன். பிடித்துக்கொண்டார். பந்தலுக்கு வெளியே வந்து இடுப்பில் கைவைத்து ஒரு குரல் விட்டார் பாருங்கள்.

"எல்லாரும் கெளம்புங்க! கோடிக்கல்லுல குப்ப சேந்து கெடக்குதாமா. அதனாலதான் தண்ணி போகுல. கூட்டிப்போட்டுத்தான் பூசை. கரைக்குக் கீழ ஒரு சீவன் ஊட்டுல இருக்கக்கூடாது. அடுப்ப அணைங்க. கெழவங்கட்டை, கொழந்த குட்டி எல்லாம் மேல வாங்க. ஆடு மாட்ட அவுத்து ஓட்டுங்க. ஏம்புள்ள, குடத்த வெச்சுட்டு வா நீ மொதல்ல!"

கடைசியில் சொன்னது என் மகளை. அன்றைக்கு அந்த அம்மா மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

கோடிக்கல்லில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குப்பை அள்ள வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் அத்தனை மூட்டைக்கு நடுவே ஒவ்வொருவரும் நேராகத் தன் மூட்டைக்கே போனார்கள். பக்கத்து மூட்டையைத் தெரியாமல்கூட ஒருத்தரும் தொடவில்லை. ஒரு தாத்தா, "இந்தக் குப்ப நல்ல சாக்கு மாதிரி இருக்குது, நானே எடுத்துக்கறேன்" என்று தழுவிக்கொண்டார். சம்மந்திகாரர் தலையைக் குனிந்துகொண்டு ஜமுக்காளத்தை நோக்கிப் போனார்.

ஆனால் எல்லோருக்கும் அவசரம். யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து மூட்டையில் கை வைத்தார்கள். பின்னால் ஒரு முழம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மொத்தமாகத் திறந்தால் கல் மேல் நிற்கிறவர்களை அடித்துக்கொண்டு போகும். கீழ் வாய்க்கால் உடையும். மேனேஜர் தம்பி கூட்டத்தைத் தாண்டி வர முடியாமல் அந்தப் பக்கம் நின்றார்.

"நிறுத்துங்க!"

யார் கத்தினது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல மேல் வரிச மட்டும் எடுங்க. ஓரத்துலருந்து எடுங்க. ஒருத்தர் எடுத்துட்டுக் கரையேறுனாத்தான் அடுத்தவங்க. நடுவுல இருக்கறது கடைசி. கல்லுக்கு அந்தப்பக்கம் யாரும் நிக்கக் கூடாது!"

ஊரே அப்படியே நின்றது. சம்மந்தி மெதுவாகச் சொன்னார்: "பாருங்களே, எங்க சம்மந்திக்குக் கொரலு இருக்குது!" பிறகு தன் குரலில், "அவங்க சொன்ன மாதிரி செய்யுங்க!" என்றார்.

நான் கருவேல மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காலில் முள் ஏறியிருந்தது. அதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

ஓரத்து மூட்டைகள் போயின. தண்ணீர் முதலில் நூல் மாதிரி வந்தது, பிறகு பாய் விரித்த மாதிரி வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் காத்திருந்தோம். கடைசியில் ஜமுக்காளம் போனதும் ஏரி முழு அகலத்துக்குக் கோடி போனது. பல வருஷம் கேட்காத சத்தம். கிழவிகள் குலவையிட்டார்கள்.

ஆட்டையாம்பட்டிப் பெரியப்பா ஒருத்தர், "இது தானாப் போன கணக்கா, நாம வுட்டுப் போன கணக்கா?" என்று கேட்டார்.

"தானாத்தான் போச்சு. நாம குப்பதான எடுத்தோம்?" என்றார் சம்மந்தி.

கிடாவைக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால்தான் சாமி சம்மதம். தெளித்தார்கள். உதறவில்லை. சொம்போடு ஊற்றினார்கள். அது நாக்கை நீட்டி மஞ்சள் தண்ணீரைக் குடித்தது. குடத்தோடு ஊற்றினார்கள். கழுத்து மாலையைத் தின்றது. படகுத்துறையில் தினம் குளித்துப் பழகின கிடாவுக்கு ஒரு குடம் எம்மாத்திரம்? ஆனால் இது எனக்கும் மேனேஜர் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் அவரவர் மூட்டையை நினைத்துக்கொண்டு நின்றார்கள்.

சம்மந்திகாரர் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "சாமிக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"நீங்க கம்முனு இருங்க" என்றார் சம்மந்தி.

அதற்குள் பிள்ளைகள் கூச்சல். தண்ணீரோடு மீன் கோடிக்கல் தாண்டித் துள்ளி விழுந்துகொண்டிருந்தது. சம்மந்தி ஒரு கணம் கிடாவைப் பார்த்தார், ஒரு கணம் மீனைப் பார்த்தார். "கெடாவ ஏரிக்கே நேந்து வுட்டாச்சு. நாளைக்கும் இருக்கும். மீனு இருக்காது. புடிங்க!" என்றார். வலைக்கு எங்கே போவது? தையலைப் பிரித்து மண்ணைக் கொட்டி, ஜமுக்காளத்தை ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தார்கள். கறிக்கு வதக்கின வெங்காயத்தில் அன்றைக்கு மீன் குழம்பு. கரை ஓரம் மேட்டில்தான் சமைத்தோம், கீழே யாரையும் விடவில்லை. நீர்ப்பாசன ஆட்கள் வந்து சேரும்போது ஊற்று தெளிந்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் மண் அணைத்துக் கெட்டி செய்தார்கள். எப்படி இவ்வளவு ஏறியது என்று கேட்டார்கள்.

"குப்பைங்க" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருநாள் மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மட்டம் மாறும். அப்போது போய்ப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து யோசிக்காதீர்கள். யார் செய்தது என்று தெரிந்தாலும், அவர்கள் கை நீட்டி அதைச் சரி செய்ய ஒரு வழி விட்டுப் பேசுங்கள். ஆனால் தண்ணீர் மேல் ஆள் நிற்கும்போது வெட்கப்படாதீர்கள். கத்துங்கள். அப்புறம் மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம், தப்பில்லை.

டிக்கெட் கவுண்டரில் தலையை விடுகிறது என்று நீங்கள் குச்சியால் விரட்டுகிறீர்களே, ஒரு கொழுத்த கிடா, அதுதான் இது. மெதுவாக விரட்டுங்கள். உங்களை விட அதற்கு இங்கே வேலை செய்த காலம் அதிகம்.

இந்த வருஷமும் மழை பிடித்ததும் சம்மந்தியிடமிருந்து போன் வந்தது. வருஷா வருஷம் வரும். "சம்மந்தி, ஜமுக்காளம் பீரோவுலதானுங்க இருக்குது. சாவி என் இடுப்புல இருக்குது. நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

"சரிங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, கோடிக்கல் வரைக்கும் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.